யார் சொல் எடுபடும்?

பழமைவாதி அதிகாரத்துக்குப் பணிவார், தாராளவாதி அதைக் கேள்வி கேட்பார் என்ற எண்ணம், அரசியல் உளவியல் ஒரு துறையாகத் தலையெடுத்த நாளிலிருந்தே அதன் கூடவே வளர்ந்து வந்திருக்கிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதியை அண்மைக்கால ஆய்வுகள் திருத்தியிருக்கின்றன. இரு தரப்பினரும் பணிகிறார்கள், இரு தரப்பினரும் எதிர்க்கிறார்கள். யாருடைய அதிகாரத்தை நியாயமானது என்று ஒப்புக்கொள்கிறார்கள் என்பதில்தான் வேறுபடுகிறார்கள். அரசு, மதம், படை ஆகிய மூன்றும் ஒரே திசையில் இழுக்கும் சமூகத்தில் இந்த வேறுபாடு எளிதில் புலப்படாது. ஊர்க்கவுண்டர், எஸ்டேட் துரை, பூசாரி, கலெக்டர், கட்சித் தலைவர் என்று பலரின் சொல்லும் ஒரே நிலத்தில் செல்லுபடியாகி வந்த, சேலம் அருகே உள்ள சேர்வராயன் மலை போன்ற இடத்தில் அது மறைய வழியில்லை.

முதல் பெரிய ஆய்வு 1950இல் நூலாக வந்தது. ஜெர்மனியில் இத்தனை பேர் ஹிட்லரின் சொல்லுக்கு ஏன் தலையாட்டினார்கள் என்ற கேள்வியோடு தியோடர் அடோர்னோவும் மூன்று உளவியலாளர்களும் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு அது. மேலே இருப்பவருக்குப் பணிதல், கீழே இருப்பவரிடம் கடுமை காட்டுதல், வழக்கத்தை மீறுபவரை வெறுத்தல் ஆகியவை ஒரே மனத்தில் சேர்ந்து இருக்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதை அளக்க 'எஃப் அளவுகோல்' என்ற வினாத்தாளையும் உருவாக்கினார்கள். அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எல்லா வாக்கியங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்று சொல்லும் சாதுவான மனிதருக்கும் சர்வாதிகார மனம் உண்டு என்று அந்தத் தாள் தீர்ப்பளித்துவிடும். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் பாப் ஆல்டமேயர் 1981இல் அந்தக் குறையை நீக்கிப் புதிய அளவுகோலைக் கொண்டுவந்தார். 2003இல் ஜான் ஜோஸ்டும் மூன்று கூட்டாளிகளும் 12 நாடுகளில் எடுக்கப்பட்ட 88 மாதிரிகளைத் தொகுத்துப் பார்த்து, நிச்சயமின்மையைத் தாங்க முடியாமையும் அச்சுறுத்தல் குறித்த உணர்வும் பழமைவாதத்தோடு சேர்ந்து வருகின்றன என்று எழுதினார்கள்.

இதற்கிடையே யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961இல் தொடங்கிய சோதனை வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. வெள்ளை அங்கி போடாவிட்டாலும் ஆய்வகச் சாம்பல் கோட்டு அணிந்த ஒருவர் "தொடருங்கள்" என்று சொன்னதும், முதல் சோதனையின் 40 ஆண்களில் 26 பேர் அடுத்த அறையில் சுவரைத் தட்டும் மனிதருக்கு 450 வோல்ட் மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டே சுவிட்சை அழுத்தினார்கள். மின்னதிர்ச்சி பொய், சுவரைத் தட்டியவர் நடித்தார். அழுத்தியவர்கள் தபால் ஊழியர்கள், பொறியாளர்கள், விற்பனையாளர்கள் என்று பலதரப்பட்டவர்கள். விஞ்ஞானத்தின் பெயரால் வந்த கட்டளைக்கு, சர்வாதிகாரத்தை அருவருக்கும் நாட்டின் சாதாரணக் குடிமக்கள்தான் கீழ்ப்படிந்தார்கள்.

அளவுகோல்களின் அடிப்படைச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 'அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய வேண்டுமா?' என்று கேட்கும்போது, கேட்கப்படுபவர் மனத்தில் உடனே ஏதோ ஓர் உருவம் வந்து நிற்கிறது. அமெரிக்கரிடம் கேட்டால் ராணுவ அதிகாரியோ பாதிரியாரோ போலீஸ்காரரோ வந்து நிற்பார். இவர்கள் பழமைவாதிகள் தங்களவராகக் கருதும் ஆட்கள். எனவே அந்தக் கேள்வி, பணிவோடு சேர்த்துக் கட்சிச் சார்பையும் அளந்துவிடுகிறது. கனடாவின் ஜெரமி ஃப்ரைமரும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். படைத் தலைவருக்கும் மதத் தலைவருக்கும் கீழ்ப்படிவது நல்லது என்று பழமைவாதிகள் கூடுதலாகச் சொன்னார்கள். அதே கேள்வியில் சுற்றுச்சூழல் போராளியையும் குடிமை உரிமைப் போராளியையும் வைத்தபோது தாராளவாதிகள் முந்திக்கொண்டார்கள். எந்தப் பக்கமும் சாயாத அலுவலக மேலாளரை வைத்தபோது இரு தரப்புக்கும் இடையே வேறுபாடு கரைந்துபோனது.

ஃப்ரைமரின் வேறொரு குழு ஓராண்டு முன்னதாக, இருபதாம் நூற்றாண்டின் செல்வாக்கு மிக்க மனிதர்களை ஒழுக்க ரீதியில் மதிப்பிடும்படி இரு தரப்பினரையும் கேட்டிருந்தது. கொள்கை அளவில் கேட்டால் ஆளுக்கொரு அறம் பேசுகிறவர்கள், உண்மையான மனிதர் ஒருவரை முன்னே நிறுத்தியதும் பெரும்பாலும் பொதுவான அளவுகோல்களையே நாடினார்கள். அவர் பிறருக்குத் தீங்கு செய்தாரா, நியாயமாக நடந்தாரா, தூய்மையாக வாழ்ந்தாரா என்றே பார்த்தார்கள். தலைவர்களைப் பற்றிய சண்டைகள் பொதுவாக நினைப்பதைவிட மேலோட்டமானவை என்ற ஆறுதலை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆறுதலுக்கு ஒரு வரம்பு உண்டு: நம்மவர் நியாயமாக நடந்தார் என்று நம்ப மனம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே தயாராக இருக்கிறது. பீட்டர் டிட்டோவின் குழு 2019இல் 51 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தம் பக்கத்துக்குச் சாதகமான சான்றை எளிதில் ஏற்கும் பழக்கம் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. ஜோஸ்ட் இதை ஒப்புக்கொள்ளவில்லை; அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

அதிகாரத்தை மதிப்பது ஒரு நோய்க்குறி என்ற அடோர்னோவின் பார்வையை அசைத்ததில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. மானுடவியலாளர் ரிச்சர்ட் ஷ்வேடர் புவனேஸ்வரத்தில் பல காலம் ஆய்வு செய்தவர். அவர் வழியில் ஜோனதன் ஹைட் 1993இல் அங்கே மூன்று மாதம் தங்கினார். பெண்கள் பரிமாறிவிட்டு உள்ளே போய்விடும் வீடுகளில், மூத்தவர் சொல் முடிவாக இருக்கும் குடும்பங்களில், அந்த அமெரிக்கத் தாராளவாதி முதலில் திகைத்தார். பிறகு அந்த மனிதர்களை அவருக்குப் பிடித்துப்போனது. அவர்கள் உலகில் மூத்தவரின் அதிகாரம் என்பது கீழே இருப்பவரைக் காக்கும் கடமையோடு பிணைந்தது என்று அவர் கண்டார். பரிவு, நியாயம், விசுவாசம், அதிகாரம், புனிதம் என்ற ஐந்து அடித்தளக் கொள்கை பின்னாளில் இப்படிப்பட்ட அனுபவத்திலிருந்து உருவானது. 2009இல் ஜெஸ்ஸி கிரகாம், ஹைட், பிரையன் நோசெக் மூவரும் வெளியிட்ட கட்டுரையின்படி தாராளவாதிகள் முதல் இரண்டின் மீது பெரும் எடை வைக்கிறார்கள். பழமைவாதிகள் ஐந்துக்கும் ஏறக்குறைய சமமான இடம் தருகிறார்கள்.

ஆக, ஒடிசாவின் கோயில் நகரத்தில் முளைத்த கொள்கை, அமெரிக்காவின் இரு கட்சிச் சண்டையை விளக்கும் கருவியாகிவிட்டது. அதைத் திரும்ப இந்திய மண்ணுக்குக் கொண்டுவந்து பொருத்தும்போதுதான் உரசல் தொடங்குகிறது.

சேலத்துக்கு வடக்கே எழும் சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் மரபைச் சொல்பவர்கள். தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் அவர்களுக்கே. மூன்று அண்ணன் தம்பிகள் மூன்று மலைகளுக்குப் பிரிந்து போனதாகவும் மூத்தவர் சேர்வராயன் மலைக்கு வந்ததாகவும் அவர்கள் கதை சொல்கிறது. மலை, நாடுகளாகப் பிரிந்திருந்தது: சேலநாடு, மொகநாடு, முட்டநாடு. ஊருக்கு ஊர்க்கவுண்டர், அதற்கு மேலே மூப்பன், பட்டக்காரர் என்று பதவிகள் தந்தைவழி வந்தன. திருமணம், நிலத் தகராறு, வழக்க மீறல் எல்லாம் ஊர்க்கூட்டத்தில் தீர்ந்தன. தண்டம் விதிப்பதும் ஒதுக்கி வைப்பதும் அதன் ஆயுதங்கள்.

சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் பிரித்த மூன்று வகை அதிகாரங்களில் இது முதல் வகை, மரபின் அதிகாரம். இதில் மதிப்பீடு ஆளைவிட இருக்கையின் மீதே விழுகிறது. பட்டக்காரர் திறமைசாலியா என்று யாரும் தேர்வு வைப்பதில்லை. அந்த இருக்கைக்கு உரிய முறையில் நடந்துகொள்கிறாரா என்று மட்டும் பார்ப்பார்கள். முறை தவறினால் கண்டனம் உண்டு. ஆனால் கண்டிப்பவரும் அந்த மரபின் பெயராலேயே கண்டிப்பார். மரபை ஏற்பவர் கேள்வி கேட்பதில்லை என்பது தவறு. அவர் கேட்கும் கேள்விகள் வேறு.

மலை உச்சியில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,620 மீட்டர் உயரத்தில், குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயில் இந்த மரபின் இன்னொரு முகம். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கே திரளும். ஹைட் சொல்லும் புனிதம் என்ற அடித்தளத்தை இங்கே வினாத்தாள் வைத்துத் தேட வேண்டியதில்லை.

1820களில் இரண்டாவது அதிகாரம் மலையேறியது. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் மலைமேல் உள்ள ஏற்காட்டில் காபியை அறிமுகப்படுத்தினார்; கிரேஞ்ச் எஸ்டேட்டும் அவர் பெயரும் இன்றும் சேர்த்தே பேசப்படுகின்றன. வரி வாங்கும் கையும் தோட்டம் போடும் கையும் ஒன்றாக இருந்த காலம் அது. அவருக்குப் பின்னால் எஸ்டேட்டுகள் பெருகின. துரை, கணக்கப்பிள்ளை, மேஸ்திரி என்ற ஏணி உருவானது. இந்த ஏணியில் மேலே இருப்பவரிடம் தொழிலாளி எதிர்பார்ப்பது வேறு. கூலியைக் கணக்காகக் கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் முன்பணம் தர வேண்டும். வீட்டில் நோய் என்றால் விசாரிக்க வேண்டும். வேலையில் கறாராகவும் இருக்கலாம். பாட்னாவின் உளவியலாளர் ஜெய் பி.பி. சின்ஹா 1980இல் எழுதிய நூலில் இந்திய நிறுவனங்களில் எடுபடும் தலைமையை ஆராய்ந்து, ஆதரவு காட்டிக்கொண்டே வேலை வாங்கும் தலைவரே இங்கே வெற்றி பெறுகிறார் என்று கண்டார். ஊழியரோடு தோளில் கைபோட்டுச் சமமாகப் பழகும் மேலைநாட்டு மேலாளரை இந்திய ஊழியர்கள் சட்டென்று நம்புவதில்லை. ஆதரவில்லாத கறாரையும் அவர்கள் பொறுத்துக்கொள்வதில்லை. இது பழமைவாதமா தாராளவாதமா என்று கேட்டால் இரண்டு பெட்டியிலும் அடங்காது.

நாடுகளை ஒப்பிட்டு எண் கொடுக்கும் கெர்ட் ஹாஃப்ஸ்டெட், அதிகார இடைவெளியை ஏற்கும் மனப்பான்மையில் இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40 என்று போட்டார். அந்த எண்கள் ஐபிஎம் நிறுவன ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. காபிப் பழம் பறிப்பவரைப் பற்றி அவை எதுவும் சொல்வதாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

மலையிலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகள் இறங்கினால் சேலம். இந்தியப் பழமைவாதத்தின் மிகத் தெளிவான குரலும், அதிகார எதிர்ப்பின் மிக உரத்த குரலும் இந்த ஊரோடு பிணைந்தவை. ராஜாஜி இங்கே வழக்கறிஞர் தொழில் செய்தார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். பெரியாரின் தலைமையில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில். இருவரையும் 'பணிபவர்', 'எதிர்ப்பவர்' என்ற இரண்டு கட்டங்களில் போட்டுப் பார்த்தால், ஆய்வகத்தில் ஃப்ரைமர் கண்டதை வரலாறு முன்பே செய்து காட்டியிருப்பது தெரியும்.

ராஜாஜி 1930இல் வேதாரண்யத்தில் உப்புச் சட்டத்தை மீறிச் சிறை போனார். 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானதும், அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை நாட்டிலேயே முன்னோடியாகத் தம் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தினார். குடிமக்களின் ஒழுக்கத்தைத் திருத்த அரசின் கை நீளலாம் என்பது அவர் நம்பிக்கை. அடுத்த ஆண்டு இந்தித் திணிப்பை எதிர்த்துச் சட்டத்தை மீறியவர்களை அவருடைய அரசே சிறையில் அடைத்தது. பெரியாரும் உள்ளே போனார். 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கியபோதோ, தொழிலிலும் விவசாயத்திலும் அரசு தலையிடுவதை 'லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்யம்' என்று சாடினார். கோட்டையில் இருப்பவர் யார், அவர் எந்தக் காரியத்தில் கை வைக்கிறார் என்பதைப் பொறுத்து அவர் பணிவும் எதிர்ப்பும் மாறின. சந்தர்ப்பவாதம் என்று இதை ஒதுக்குவது எளிது, ஆனால் தவறு. ஒழுக்கத்திலும் மரபிலும் அதிகாரம் வேண்டும், உடைமையில் வேண்டாம் என்பது ஒரு முழுமையான நிலைப்பாடு.

பெரியார் பக்கம் இன்னும் சுவையானது. சாதி, சாத்திரம், கடவுள், புரோகிதர் ஆகிய எல்லா மரபு அதிகாரங்களையும் அவர் எதிர்த்தார். 1944 சேலம் மாநாட்டின் மைய நிகழ்வு, 'அண்ணாதுரை தீர்மானம்' என்று பெயர் பெற்ற தீர்மானம். ஆங்கில அரசு தந்த சர், ராவ்பகதூர் போன்ற பட்டங்களை உறுப்பினர்கள் துறக்க வேண்டும், அரசின் கௌரவப் பதவிகளிலிருந்து விலக வேண்டும் என்றது அது. அதிகாரத்தின் அடையாளங்களைக் கழற்றி வைத்த அதே இயக்கத்துக்குள் பெரியாரின் சொல்லுக்கு மறுசொல் அபூர்வம். 1949இல் அண்ணா பிரிந்துபோய்த் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கியபோதும் கட்சித் தலைவர் பதவியை நிரப்பவில்லை. அந்த நாற்காலி பெரியாருக்கு என்று காலியாகவே விடப்பட்டது. அண்ணா ஏற்றது பொதுச் செயலாளர் பதவியைத்தான். 1969இல் மு. கருணாநிதி தலைவராகும் வரை இருபது ஆண்டு அது காலியாகக் கிடந்தது. மரபை உடைக்க வந்தவர்கள் தங்கள் தலைவரிடம் காட்டிய விசுவாசத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எந்தப் பல்கலைக்கழக ஆய்விலும் கிடைப்பது கடினம்.

இந்த இருவரையும் பார்த்தபின், இந்தியாவில் கருத்தியலே இல்லை, சாதியும் பணமும் மட்டுமே உண்டு என்று முடிவு கட்டுவோர் உண்டு. பிரதீப் சிப்பரும் ராகுல் வர்மாவும் 2018இல் எழுதிய நூல் அதை மறுக்கிறது. இந்தியாவில் கருத்தியல் பிளவு உண்டு. ஆனால் அதன் அச்சு வேறு. சமூகத்தின் வழக்கங்களில் அரசு எவ்வளவு தலையிடலாம் என்பது ஒரு கேள்வி. ஒடுக்கப்பட்டோருக்கு அரசு தனி இடம் ஒதுக்க வேண்டுமா என்பது இன்னொன்று. இந்த இரண்டிலும் இந்தியர்கள் உறுதியாகவும் சீராகவும் பிரிந்து நிற்கிறார்கள் என்று தேர்தல் கணக்கெடுப்புத் தரவுகளைக் கொண்டு அவர்கள் காட்டுகிறார்கள்.

சேர்வராயன் மலைக்கு இந்த அச்சு கச்சிதமாகப் பொருந்துகிறது. கோயில் முறையிலும் திருமண முறையிலும் அரசு வாய் திறக்கக் கூடாது என்று நினைக்கும் ஒருவரே, பழங்குடிச் சான்றிதழும் ரேஷனும் ஒதுக்கீடும் அரசு தர வேண்டும் என்றும் நினைக்கலாம். அமெரிக்க வினாத்தாளில் அவர் முன்பாதியில் பழமைவாதி, பின்பாதியில் தாராளவாதி. முரண்பட்ட மனிதர் என்று கணினி அவரைக் கழித்துவிடும். உலகம் தழுவிய தரவு அவர் பக்கம்தான் பேசுகிறது. ஏரியல் மால்காவும் கூட்டாளிகளும் 2014இல் 51 நாடுகளின் தரவை அலசியபோது, பாதுகாப்பையும் நிச்சயத்தையும் நாடும் மனம் பண்பாட்டில் பழமைவாதத்தோடு சேர்ந்தது. பொருளாதாரத்தில் அதே மனம் பல நாடுகளில் அரசின் உதவியைக் கேட்கும் இடதுசாரிப் பக்கம் சாய்ந்தது. பாதுகாப்பை நாடும் ஏழை, வழக்கத்தையும் பிடித்துக்கொள்வார், ரேஷன் கடையையும் பிடித்துக்கொள்வார். இதில் முரண் எதுவும் இல்லை.

திராவிடக் கட்சிகள் இந்த மனத்தை இரண்டு வழியில் அணுகின என்கிறார் அரசியலறிஞர் நரேந்திர சுப்பிரமணியன், 1999இல் வந்த தம் நூலில். உரிமையைக் கேட்டுப் பெறு என்று தூண்டும் வழி ஒன்று. எளியவரைக் காக்கும் கருணையுள்ள தலைவர் என்ற வழி மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் தி.மு.க.வின் தொடக்க காலத்துக்கும் இரண்டாவது எம்.ஜி.ஆருக்கும் அவர் வழிவந்த அ.தி.மு.க.வுக்கும் உரியவை. முதல் வழியில் தலைவர் தளபதி. இரண்டாம் வழியில் தாய் தந்தையர். சின்ஹா ஆலைகளிலும் அலுவலகங்களிலும் கண்ட ஆதரவான தலைவர் இங்கே கட்சிக் கொடியோடு வருகிறார்.

பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட ஏற்காடு சட்டமன்றத் தொகுதி 2013இல் இதற்கு ஒரு சோதனைக்களம் ஆனது. மலையோடு அடிவாரச் சமவெளிக் கிராமங்களும் சேர்ந்த தொகுதி அது. அ.தி.மு.க. உறுப்பினர் சி. பெருமாள் அந்த ஆண்டு ஜூலையில் இறந்தார். டிசம்பர் 4 இடைத்தேர்தலில் கட்சி அவருடைய மனைவி பெ. சரோஜாவை நிறுத்தியது. அமைச்சர்கள் தொகுதியில் முகாமிட்டார்கள். சரோஜா 1,42,771 வாக்குகளும் தி.மு.க.வின் வெ. மாறன் 64,655 வாக்குகளும் பெற்றார்கள், வித்தியாசம் 78,116. கணவர் வகித்த இடம் மனைவிக்கு வருவதில் மரபின் அதிகாரம் தெரிகிறது. சுவரொட்டியில் பெரிதாக நின்ற ஜெயலலிதாவின் முகத்தில் வெபரின் இரண்டாம் வகையான தனிமனித ஈர்ப்பின் அதிகாரம். தொகுதி ஒதுக்கீட்டில் மூன்றாம் வகையான சட்டத்தின் அதிகாரம். வாக்காளர் ஒரே பொத்தானை அழுத்தி மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெரும்பாலும் ஆளுங்கட்சிக்குச் சாதகமாகவே இடைத்தேர்தல்கள் முடியும் மாநிலம் இது என்பதால், இந்த எண்களிலிருந்து வாக்காளரின் மனத்தை நேராக வாசித்துவிட முடியாது.

அந்தத் தேர்தலுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27 அன்று தீர்ப்பளித்ததன் பேரில் வாக்கு இயந்திரத்தில் நோட்டா பொத்தான் வந்தது. தமிழ்நாட்டில் அதை முதலில் பார்த்தவர்கள் ஏற்காடு வாக்காளர்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதை அழுத்தினார்கள். அத்தனை பேரும் தாராளவாதிகள் என்று சொல்ல முடியாது. எல்லாத் தலைவர்களையும் நிராகரிப்பவர்களில் இரு வகையினர் உண்டு. அதிகாரமே வேண்டாம் என்பவர் ஒருவர். உண்மையான அதிகாரம் இன்னும் வரவில்லை என்பவர் மற்றவர். இயந்திரத்துக்கு இருவரும் ஒன்றுதான்.

இரண்டாம் வகையினர் இந்தியாவில் சிறுபான்மை என்று நினைக்கவும் இடமில்லை. பியூ ஆய்வு மையம் 2023இல் 24 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில், ராணுவ ஆட்சியோ பாராளுமன்றத்தையும் நீதிமன்றத்தையும் கேட்காமல் முடிவெடுக்கும் வலிய தலைவரின் ஆட்சியோ நாட்டுக்கு நல்லது என்று சொன்ன இந்தியர்கள் 85 சதவீதம். எந்த நாட்டிலும் அதைவிட அதிகம் இல்லை. அதே இந்தியர்கள்தான் தேர்தலுக்குத் தேர்தல் ஆட்சிகளைக் கவிழ்க்கிறார்கள். வலிய தலைவரை விரும்புவதும், பிடிக்காதபோது அவரை இறக்கிவிடும் உரிமையை விட்டுக்கொடுக்காததும் ஒரே மனத்தில் குடியிருக்கின்றன.

வலிமையின் மீதான இந்த விருப்பம் எங்கிருந்து வருகிறது? டென்மார்க்கில் லாசே லாஸ்ட்ஸனும் மைக்கேல் பாங் பீட்டர்சனும் நடத்திய ஆய்வுகளில், பழமைவாத வாக்காளர்கள் ஆதிக்கம் தொனிக்கும் முகங்களை விரும்பினார்கள், தாராளவாதிகள் மென்மையான முகங்களை. மோதல் நெருங்கிவிட்டது என்ற உணர்வு கூடும்போது ஆதிக்கத் தலைவருக்கான விருப்பமும் கூடுவதை அவர்கள் கண்டார்கள். ஆபத்தில் யார் முன்னே நிற்பார் என்ற கணக்கு இது. மூளையிலும் நரம்பிலும் இதற்கு வேர் இருக்கும் என்று நம்பியவர்களுக்கு மட்டும் ஏமாற்றம் காத்திருந்தது. 2008இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை, திடீர்ச் சத்தத்துக்கும் அச்சமூட்டும் படங்களுக்கும் பழமைவாதிகளின் உடல் கூடுதலாகத் துணுக்குறுகிறது என்றது. சோதிக்கப்பட்டவர்கள் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 46 பேர். பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. 2020இல் பெர்ட் பாக்கரின் குழு பெரிய மாதிரியோடு அதை மறுபடி செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவே இல்லை. பழமைவாதி அச்சத்தால் ஆனவர் என்ற வாசகம் இன்றும் உலவுகிறது. அதன் உடலியல் ஆதாரம் சரிந்துவிட்டது.

பிறவியில் பதிந்ததாக இல்லாவிட்டால், தலைவரை மதிப்பிடும் முறை பழக்கத்தால் மாற வேண்டும். மாறுகிறது என்பதற்கு வலுவான சான்று மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலிருந்து வருகிறது. 1993இன் அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் அங்கே ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒன்று, குலுக்கல் போன்ற முறையில், பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட ஐந்து பொருளியலாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து கிராமத்தாருக்குப் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரை ஒருபோதும் பார்த்திராத ஊர்களில், பெண் குரலில் பேசிய தலைவரைத் திறமை குறைந்தவர் என்று ஆண்கள் மதிப்பிட்டார்கள். ஒதுக்கீட்டால் பெண் தலைவரைப் பார்த்துவிட்ட ஊர்களில் அந்தச் சாய்வு மறைந்திருந்தது.

இந்த முடிவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆண் தலைவரே தேவலை என்ற விருப்பம் அந்த ஊர்களில் மாறவில்லை. மாறியது, பெண் தலைவரின் திறமை பற்றிய மதிப்பீடு. விருப்பமும் மதிப்பீடும் ஒன்றாக நகர்வதில்லை என்பது, இரண்டையும் ஒரே கேள்வியில் அளக்கும் எல்லாக் கருத்துக்கணிப்புகளுக்கும் ஓர் எச்சரிக்கை. முதல் முறை பதவிக்கு வந்த பெண்களை ஊரார் குறைத்தே மதிப்பிட்டார்கள். இரண்டு தேர்தல் சுற்றுகள் ஒதுக்கீட்டில் இருந்த ஊர்களில்தான், ஒதுக்கீடு இல்லாத இடங்களிலும் பெண்கள் போட்டியிட்டு வெல்வது கூடியது.

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்ற சட்டத் திருத்தம் 2016இல் வந்தது. நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடை போன்ற மலை ஊராட்சிகளுக்கும் அது பொருந்தும். மாநிலத்தில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் அறிவிக்கப்படாததால், பழங்குடிக் கிராம சபைக்குத் தனி அதிகாரம் தரும் மத்தியச் சட்டம் இங்கே செல்லுபடியாகாது. சமவெளி ஊராட்சிக்குரிய அதே சட்டம்தான் மலைக்கும். எனவே தந்தைவழி வரும் ஆண் பதவியான ஊர்க்கவுண்டரும், சுழற்சியில் தேர்வாகும் பெண் ஊராட்சித் தலைவரும் ஒரே கிராமத்தில் இரண்டு வேறு ஊற்றுகளிலிருந்து அதிகாரம் பெறுகிறார்கள். சாலைக்கும் குடிநீருக்கும் ஒருவரிடம், திருவிழாவுக்கும் குடும்பத் தகராறுக்கும் மற்றவரிடம் போகும் ஒரு குடியானவரை 'அதிகாரத்தை மதிப்பவரா, மதிக்காதவரா' என்று கேட்டால், எந்தக் காரியத்துக்கு என்று அவர் திருப்பிக் கேட்பதே நியாயம். அளவுகோல்களைத் திருத்துபவர்கள் இன்று வினாத்தாளில் சேர்க்க முயல்வதும் அந்தக் கேள்வியைத்தான்.